சமகாலச் சர்ச்சை நீங்கலாக

உயரம் 26 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அகலமும் அப்படியே. சட்டத்தோடு சேர்த்துக் கனம் 4 அங்குலம், எடை 15 பவுண்டு. சிற்பத்துக்கு இடமில்லை. சுவரில் மாட்டக்கூடியதாக இருந்தால் வண்ண ஓவியம், பென்சில் சித்திரம், அச்சுப்பதிவு, ஒட்டுச்சித்திரம், புகைப்படம், கணினியில் வரைந்தது எதுவானாலும் சரி. யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து அனுப்பினால் தள்ளுபடி. பென்சிலில் வரைந்திருந்தாலும் காப்புரிமை மீறல் மீறல்தான். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் கலந்துகொள்ளலாம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தும் காங்கிரஸ் கலைப் போட்டியின் விதிகளை வாசித்தால் பார்சல் ஆபீஸில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் இருக்கும். அந்தக் கறார்த்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. கலையைப் பற்றி அரசாங்கம் எழுதும்போது அங்குலத்திலும் பவுண்டிலும் எழுதுவதே நல்லது. அதைத் தாண்டிப் போகும்போதுதான் தடுமாறுகிறது.

போட்டி 1982-இல் தொடங்கியது. தொகுதிக்கு ஒரு படம். 435 உறுப்பினர்களும், வாக்குரிமையில்லாத பிரதேசங்களின் பிரதிநிதிகளும் தத்தம் தொகுதியில் வசந்த காலத்தில் போட்டி நடத்தலாம். எப்படி நடத்துவது என்பது அவரவர் விருப்பம். உள்ளூர் ஓவியர்களையோ அருங்காட்சியக ஆட்களையோ நடுவர்களாக உட்காரவைப்பவர்கள் உண்டு. அதில் அக்கறையில்லாமல் அலுவலகப் பையன்களிடம் பொறுப்பை விட்டுவிடுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். இதுவரை ஆறரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டிருப்பதாகச் சபையே கணக்குச் சொல்கிறது. ஜெயித்தவருக்கு வாஷிங்டன் போய்வர விமான டிக்கெட், ஒரு வரவேற்பு நிகழ்ச்சி, சில கலைக் கல்லூரிகளின் உதவித்தொகை. இவற்றையெல்லாம் விடப் பெரிய பரிசு சுவர். ஏறத்தாழ ஓராண்டுக்கு அந்தப் படம் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் வளாகத்தில் தொங்கும்.

சுவர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்களின் அலுவலகங்கள் இருக்கும் கேனன் கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கேப்பிட்டலுக்குப் பூமிக்கடியில் ஒரு நடைபாதை போகிறது. மாணவர் படங்கள் அந்த நடைபாதையின் சுவரில்தான் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். அது கண்காட்சிக் கூடமல்ல, போகிற வழி. வாக்கெடுப்புக்கு மணி அடித்தால் பொதுவாகப் பதினைந்து நிமிடம். அதற்குள் சபைக்குப் போயாக வேண்டும். உதவியாளர் காதில் எதையோ ஓத, கைப்பேசியைப் பார்த்தபடி, வேக நடையில் போகிற மனிதர்கள் அவர்கள். அவர்களோடு, உறுப்பினர் அலுவலகம் மூலமாகக் கேப்பிட்டல் பார்க்க வருகிற சுற்றுலாக் குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள் நின்று பார்த்திருப்பார்கள், தங்கள் ஊர்ப் பெயரைத் தேடியிருப்பார்கள். மற்றவர்கள் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது என்பதற்குச் சான்று 2016-இல் கிடைத்தது.

அந்த ஆண்டு மிசூரி மாநிலத்தின் முதல் தொகுதியில், செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் ஓவியம் முதலிடம் பெற்றது. பின்னணியில் அந்த நகரத்தின் அடையாளமான பெரிய வளைவு. முன்னால் தெரு. தெருவில் ஒரு மோதல். துப்பாக்கி ஏந்தி நிற்கும் காவலர்களுக்குக் காட்டுப்பன்றியைப்போன்ற தலை. எதிரே நிற்கும் போராட்டக்காரருக்கு ஓநாயின் முகம். கையில் பதாகைகளோடு கூட்டம். சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு மனிதன். மேலே கறுப்புப் பறவையும் வெள்ளைப் பறவையும் சண்டையிடுகின்றன. வலது ஓரத்தில், பட்டமளிப்புத் தொப்பி அணிந்த ஒரு கறுப்பின இளைஞன் சிலுவையில் அறையப்பட்ட நிலையில் இரு கைகளிலும் நீதியின் தராசுத் தட்டுகளைத் தாங்கி நிற்கிறான்.

அது பெரிய ஓவியம் என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் ஒரே பரப்பில் சொல்லிவிட வேண்டும் என்று ஓர் அவசரம் இருக்கும், இதிலும் இருக்கிறது. வளைவு, தராசு, சிலுவை, சிறை, பறவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஆனால் அந்தப் பட்டமளிப்புத் தொப்பி இருக்கிறதே, அதை வேறு யாரும் வரைந்திருக்க முடியாது. பள்ளி முடித்து வெளியே போகப்போகிற ஒருவன், தானும் தன் வகுப்புத் தோழர்களும் அந்த வாரமோ அடுத்த வாரமோ தலையில் வைக்கப்போகிற தொப்பியைச் சிலுவையில் தொங்குபவன் தலையில் வைத்திருக்கிறான். விலங்குத் தலைகளைப் பற்றி நாடே பேசியது. தொப்பியைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை.

ஃபெர்குசன் நகரம் அதே தொகுதியில்தான் இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 9-ஆம் தேதி மைக்கேல் பிரவுன் என்ற பதினெட்டு வயது இளைஞர், கையில் ஆயுதமில்லாதவர், ஒரு வெள்ளையினக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். உடல் சுமார் நான்கு மணி நேரம் நடுத்தெருவில் கிடந்தது. நவம்பரில், காவலர்மீது குற்றம் சாட்டத் தேவையில்லை என்று கிராண்ட் ஜூரி முடிவுசெய்தது. அடுத்த மார்ச்சில் மத்திய நீதித்துறை இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்று, அந்தக் காவலர்மீது வழக்குத் தொடரப் போதிய ஆதாரமில்லை என்றது. மற்றது, ஃபெர்குசன் காவல்துறை கறுப்பின மக்களிடம் அபராதம் வசூலிப்பதையே நகராட்சியின் வருமான வழியாக வைத்திருந்தது என்று பக்கம் பக்கமாக எழுதியது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த ஊர் புரியும். ஓவியம் வரைந்த மாணவருக்கு அறிக்கை தேவைப்பட்டிருக்காது. அந்தத் தெருக்களுக்கு அருகில் வளர்ந்தவர்.

2016 கோடையில் படம் நடைபாதையில் மாட்டப்பட்டது. ஜூன், ஜூலை போய், தேர்தல் வந்து, டிரம்ப் ஜெயித்து, டிசம்பரும் முடியப்போகிறது. அந்தப் படத்தைக் கடந்து இரு கட்சி உறுப்பினர்களும் அன்றாடம் வாக்களிக்கப் போய்வந்தார்கள். ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆண்டு முடிவில் வலதுசாரி ஊடகங்களில் செய்தி வந்தது. காவலர் சங்கங்கள் சபாநாயகர் பால் ரையனுக்குக் கடிதம் எழுதின. அதன்பிறகே எல்லோருக்கும் கண் தெரிந்தது.

2017 ஜனவரி 6, வெள்ளிக்கிழமை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் டங்கன் ஹண்டர், திருகாணிகளைத் தானே கழற்றிப் படத்தை எடுத்துக்கொண்டு, மிசூரியின் அந்த முதல் தொகுதி உறுப்பினர் வில்லியம் லேசி கிளேயின் அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை, கறுப்பின உறுப்பினர் குழுவினர் சூழ, கேமராக்களுக்கு முன்னால் கிளே அதைத் திரும்ப மாட்டினார். சற்று நேரத்தில் கொலராடோவின் டக் லாம்போர்ன் கழற்றினார். கிளே மாட்டினார். இன்னும் இரு உறுப்பினர்கள் சேர்ந்து கழற்றினார்கள். மறுபடி மாட்டப்பட்டது. சட்டம் இயற்றுகிற சபையின் மதிப்பிற்குரிய அங்கத்தினர்கள் ஆளாளுக்கு ஒரு பள்ளி மாணவரின் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போய்வந்த அந்த நாளை யாராவது நாடகமாகப் போட்டால் மிகைப்படுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்வோம். ஒன்று மட்டும் நடந்தது. 1982 முதல் அந்த நடைபாதையில் தொங்கிய ஆயிரக்கணக்கான படங்களில் வேறெதையும் காங்கிரஸ் உறுப்பினர்கள் இத்தனை தடவை கையால் தொட்டிருக்கமாட்டார்கள்.

இதில் முடிவெடுக்க வேண்டியவர் ஓர் அதிகாரி. கேப்பிட்டல் வளாகத்தின் கட்டடங்களைப் பராமரிக்கும் தலைமைப் பொறுப்புக்குக் கேப்பிட்டலின் கட்டடக் கலைஞர் என்று பெயர். அப்போது ஸ்டீபன் அயர்ஸ் இருந்தார். கூரை ஒழுகல், படிக்கட்டு, குளிரூட்டி, புல்வெளி எல்லாம் அவர் பொறுப்பு. மாணவர் படங்களை வாங்கிப் பரிசீலித்து மாட்டுவதும் அதில் சேர்த்தி. முன்னாள் ஷெரிஃபான உறுப்பினர் டேவ் ரைகர்ட் அவருக்கு மனுக் கொடுத்தார். போட்டி விதிகளில், அங்குலமும் பவுண்டும் சொல்லி முடித்த பிறகு, ஒரு வரி வரும்: சமகால அரசியல் சர்ச்சைகளைச் சித்திரிப்பவை, பரபரப்பூட்டுபவை, கோரமானவை அனுமதிக்கப்படமாட்டா. அந்த வரியை இந்தப் படம் மீறுகிறது என்று அயர்ஸ் முடிவுசெய்தார். மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை ஜனவரி 16. மறுநாள் படம் கழற்றப்பட்டது. இம்முறை திரும்ப மாட்டப்படவில்லை.

ஏழு மாதம் மீறாத விதியை எட்டாவது மாதம் ஒரு படம் எப்படி மீறும் என்பதே கிளே தரப்பின் அடிப்படைக் கேள்வி. அதே அலுவலகம்தான் முன்பு பரிசீலித்து மாட்டியது. பிப்ரவரியில் கிளேயும் மாணவரும் வேறு சிலரும் மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்கள். கிளேயை நான் முழுக்க மெச்சவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பின உறுப்பினர் குழுவை நிறுவியவர்களில் ஒருவரின் மகன். தந்தையின் தொகுதியை வாங்கி நெடுங்காலம் வைத்திருந்தவர். கேமராவின் அருமை அறிந்தவர். ஆனால் அந்தப் படத்தை முதலில் தேர்ந்தெடுத்தபோது கேமரா இல்லை. தன் தொகுதி மாணவர் ஒருவர் தன் தொகுதியில் நடந்ததை வரைந்திருக்கிறார், நடுவர்கள் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள், அனுப்பிவைப்போம் என்று அனுப்பிவைத்தார். ஒரு பிரதிநிதி செய்ய வேண்டியது அதுதானே.

ஏப்ரல் 14-ஆம் தேதி நீதிபதி ஜான் பேட்ஸ், படத்தைத் திரும்ப மாட்டச் சொல்லும் இடைக்கால உத்தரவை மறுத்தார். தீர்ப்பின் விசித்திரம் அதன் நேர்மை. படம் சொல்லும் கருத்துப் பிடிக்காததால்தான் அது அகற்றப்பட்டது என்பதில் பெரிய சந்தேகமில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சாதாரணமாக அமெரிக்கச் சட்டத்தில் இத்துடன் வழக்கு முடிந்திருக்கும். குடிமகனின் கருத்தைக் கருத்துக்காகவே அரசு ஒடுக்கக் கூடாது என்பது அரசமைப்பின் முதல் திருத்தம். ஆனால் இங்கே பேசுவது குடிமகன் அல்ல என்றார் பேட்ஸ். அரசு விதி வகுத்து, அரசு தேர்ந்தெடுத்து, அரசின் சுவரில் மாட்டுகிற படம் அரசின் பேச்சு. அரசு தன் பேச்சில் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை நீக்கலாம். அவருக்கு முன்னுதாரணங்கள் இருந்தன. நகரப் பூங்காவில் யார் கொடுத்த நினைவுக்கல்லை நிறுத்துவது என்பது நகரத்தின் பேச்சு என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வண்டி நம்பர் பிளேட்டில் எந்தச் சின்னம் வரலாம் என்பது டெக்சாஸ் மாநிலத்தின் பேச்சு என்று 2015-இல் சொல்லியிருந்தது.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நினைவுக்கல் சரி. நம்பர் பிளேட் சரி என்றே வைத்துக்கொள்வோம். இந்த நடைபாதையில் அந்த ஆண்டு நானூற்றுச் சொச்சம் படங்கள் தொங்கின. ஆண்டுதோறும் இணையத்தில் வெளியாகும் தொகுப்பைப் புரட்டினால் தெரியும்: பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், தம்பியின் கண், நாய், மழையில் நனைந்த கண்ணாடி, பழைய டிரக், பழ வியாபாரியின் கை. கலர் பென்சிலில் சிலர் காட்டும் பொறுமை அபாரமானது. ஒரு தாடியின் நரையை மயிர் மயிராகப் பிரித்திருப்பார்கள். இவையெல்லாம் அரசின் பேச்சு என்றால், அந்தப் பாட்டியின் மூலம் அமெரிக்க அரசு என்ன சொல்லவருகிறது? அந்த நாய் மூலம்? ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் பதிலும் இல்லை. சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் அது மாணவரின் படம். சொல்ல ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவுடன் அது அரசின் பேச்சாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் கழித்து, ஓர் இசைக்குழுவின் பெயரைப் பற்றிய வேறொரு வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி அலிட்டோ, அரசின் பேச்சு என்கிற இந்தக் கோட்பாடு ஆபத்தாகத் தவறாகப் பயன்பட இடமுண்டு என்று எச்சரித்தார். அவர் இடதுசாரி அல்ல. அந்த நீதிமன்றத்தின் கட்டித்தட்டிய பழமைவாதிகளில் ஒருவர்.

மேல்முறையீடு 2018-இல் முடிந்தது. முடிந்தது என்றா சொல்வது? அந்த ஆண்டுக் கண்காட்சி எப்போதோ கலைந்துவிட்டது, மாட்டச் சொல்ல இனிச் சுவரில்லை, ஆகவே வழக்கு காலாவதி என்றது நீதிமன்றம். சரியா தவறா என்று எந்த மேல்நீதிமன்றமும் சொல்லவில்லை. ஹண்டர் தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்கு எடுத்த வழக்கில் 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; அதற்கடுத்த ஆண்டு பதவி விலகினார், அதே ஆண்டு டிரம்ப் மன்னித்தார். ஃபெர்குசன் போராட்டத்திலிருந்து வந்த கோரி புஷ் 2020 உட்கட்சித் தேர்தலில் கிளேயைத் தோற்கடித்தார். அரசியல் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த நடைபாதை வழியாகப் போய்ச் சேரும் கட்டடத்தை நினைத்துப் பார்த்தால் விதியில் உள்ள ‘சமகால’ என்ற சொல் கனக்கிறது. கேப்பிட்டலின் குவிமாடத்துக்கு மேல் நிற்கும் சுதந்திரத்தின் சிலைக்கு, சிற்பி தாமஸ் கிராஃபோர்ட் விடுதலைத் தொப்பி வைத்து வடிவமைத்திருந்தார். ரோமாபுரியில் விடுவிக்கப்பட்ட அடிமைகள் அணிந்த தொப்பி அது. கட்டட வேலைக்குப் பொறுப்பாக இருந்த போர் அமைச்சர் அதை ஏற்கவில்லை. சுதந்திரமாகப் பிறந்த மக்களுக்கு அடிமைகளின் தொப்பி எதற்கு என்பது அவர் வாதம். அவருடைய வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். சில வருடங்களில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்புக்குத் தலைவராகப் போனவர். கிராஃபோர்ட் தொப்பியை எடுத்துவிட்டுக் கழுகிறகு வைத்த தலைக்கவசம் மாட்டினார். அந்தச் சிலையின் சாந்து மாதிரியைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்து, வார்ப்பு வேலையில் உழைத்தவர்களில் ஒருவர் பிலிப் ரீட் என்கிற அடிமை. 1863 டிசம்பரில் சிலை மேலே ஏறியபோது அவர் விடுதலை அடைந்திருந்தார். ஓர் அதிகாரி, தனக்கு உறுத்துகிறது என்பதற்காக ஒரு கலைஞனின் வேலையிலிருந்து ஒரு தொப்பியை எடுக்கச் சொன்ன வழக்கம் அந்தக் கட்டடத்துக்குப் புதிதல்ல.

டேவிஸின் சிலை உள்ளே நிற்கிறது. மாநிலத்துக்கு இரண்டு சிலை என்கிற கணக்கில் மிசிசிப்பி கொடுத்தது, 1931-இல் வந்தது. சர்ச்சை இல்லாமலா இருக்கிறது? ஆனால் அது சமகாலச் சர்ச்சை இல்லையாம். விர்ஜீனியா தான் கொடுத்திருந்த ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் திரும்ப எடுத்துக்கொண்டது. பதிலுக்கு அந்த மாநிலம் தேர்ந்தெடுத்தது யாரை என்பது நம் கதைக்குச் சம்பந்தமுள்ளது: பார்பரா ஜான்ஸ் என்ற பெண்ணை. 1951 ஏப்ரலில், பதினாறு வயதில், கறுப்பின மாணவர்களுக்கான தன் பள்ளியில் இடம் போதாமல் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் பாடம் நடத்துவதை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்து மாணவர்களை வெளியே அழைத்துவந்தவர். அந்தப் புறக்கணிப்பிலிருந்து எழுந்த வழக்கும் சேர்ந்துதான் 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பாயிற்று. உயர்நிலைப் பள்ளி மாணவி கேப்பிட்டலுக்குள் வரலாம். எழுபது வருடம் ஆக வேண்டும், வெண்கலமாக வேண்டும்.

இதையெல்லாம் அமெரிக்காவின் இரட்டை வேடம் என்று இங்கே உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவது சுலபம். நம் பக்கத்துப் போட்டிகளில் இந்தச் சிக்கலே எழாது. ஏனென்றால் தலைப்பை அரசே கொடுத்துவிடுகிறது. மின்சாரத்தைச் சேமிப்போம், சாலைப் பாதுகாப்பு, மழைநீர் சேகரிப்பு, தூய்மை. ஓவிய வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடை மனப்பாடம். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பூமி உருண்டை, அதன் தலையில் இரண்டு இலைக் கன்று; ஒரு மரத்தின் பாதி பச்சை, பாதி கருகல்; மூடாத குழாயில் கடைசிச் சொட்டு. சொட்டுக்குள் ஒரு குழந்தை அழும். வரைவது அருமையாகத்தான் இருக்கும், வண்ணம் கோட்டைத் தாண்டாது. ஒருமுறை ஒரு மாவட்டப் போட்டியில் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். மழைநீர் சேகரிப்பு தலைப்பு. உருண்டைகளுக்கு நடுவே ஒரு படம் வந்தது. தெருக்குழாய்க்கு முன்னால் வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள்; ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்காக வெவ்வேறு நிறத்தில் துணி கட்டியிருக்கிறது, ஒன்றில் பெயிண்டால் வீட்டு எண். ஆட்கள் யாரும் இல்லை. தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி, பின்பக்கம் காட்டித் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. லாரியில் வார்டு பிரமுகரின் படமும் கைகூப்பலும். தலைப்பில் கேட்ட மழை அதில் ஒரு துளிகூட இல்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் அதைத் தனியாக எடுத்து வைத்தார். ஒருங்கிணைக்க வந்த அலுவலர் நல்ல மனிதர், ரசனை இல்லாதவரும் அல்ல. படத்தை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு சார். குடத்துல துணி கட்டியிருக்கு பாருங்க, எங்க தெருவுலயும் அப்படித்தான். ஆனா கலெக்டர் வர்ற மேடையில இத வச்சா, அந்த லாரியில இருக்கிறவரும் முன்வரிசையில உக்காந்திருப்பாரு.” ஓவிய ஆசிரியர், “லாரிய மறைச்சிட்டு மாட்டலாமா?” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். ஆறுதல் பரிசு கொடுத்தோம். முதல் பரிசு ஓர் உருண்டைக்குப் போனது. அதில் சட்டப் பிரச்சினை ஏதுமில்லை. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அமெரிக்கப் போட்டியில் தலைப்பு கிடையாது என்பதை இந்த அனுபவத்தோடு வைத்துப் பார்க்கிறபோது அதன் பெருந்தன்மை தெரிகிறது. உனக்குத் தோன்றியதை வரை என்று ஒரு நாடாளுமன்றம் பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களிடம் சொல்வது சின்ன விஷயமல்ல. சல்லடையை வாசலில் வைக்காமல் சுவர் பக்கம் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் படம் அவ்வளவு தூரம் போக முடிந்தது. நம் ஊராக இருந்தால் வட்டாரத்தைத் தாண்டியிருக்காது. கழற்றியவர்கள் பெயரோடு கழற்ற வேண்டியிருந்தது, அதிகாரி காரணம் எழுத வேண்டியிருந்தது, நீதிபதி படம் அதன் கருத்துக்காகவே நீக்கப்பட்டது என்று பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஆறுதல் பரிசில் இது எதுவும் நடப்பதில்லை.

ஆனாலும் அந்தச் சல்லடை நாளாவட்டத்தில் வாசலுக்கு நகர்ந்துவிடும் என்றே நினைக்கிறேன். போட்டியின் விண்ணப்பப் படிவத்தில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரும் கையெழுத்திட வேண்டும். படம் சொந்தமாக வரைந்தது என்று ஆசிரியரும் உறுதி தர வேண்டும். விதிகளை முதலில் முழுசாக வாசிக்கிறவர் அந்த ஆசிரியர்தான். தன் மாணவி ஜெயித்து வாஷிங்டன் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கும். 2017-இல் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். மாணவி இரண்டு படம் கொண்டுவந்தால், ஒன்று அம்மாவின் முகம், இன்னொன்று தெருவில் நடந்தது, எதை அனுப்பச் சொல்வார்? அதற்கு நீதிமன்றம் போக முடியாது, அது தணிக்கையும் அல்ல, அக்கறைதான். அம்மாவின் முகமும் நல்ல படமாகவே இருக்கும்.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். சர்ச்சை கூடாது என்கிற வரி தெளிவில்லாத வரி. எந்த மாதத்தில் யார் ஆட்சியில் எது சர்ச்சை என்று எந்தப் பதினாறு வயதும் கணிக்க முடியாது, அயர்ஸாலேயே ஏழு மாதம் கணிக்க முடியவில்லை. அதை எடுத்துவிட்டு, நீதிபதி பேட்ஸ் சொன்னதை அப்படியே படிவத்தில் அச்சிடலாம்: தேர்ந்தெடுக்கப்பட்டால் உங்கள் படம் எங்கள் பேச்சாகக் கருதப்படும், எங்களுக்குப் பிடிக்காதபோது நிறுத்திக்கொள்வோம். அதன் கீழே மாணவருக்கு ஒரு கையெழுத்துக் கோடு. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் அறையில் மாட்டிக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். அந்த இரண்டாவது வகையினர் வரைந்ததைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.